வீங்காத காயம்

நிலையத்தில் அந்த மாத்திரையை விழுங்காதவள் ரேணுகா ஒருத்திதான். ஏன் என்று கேட்டவர்களிடம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது மாத்திரை அல்ல, அதைக் கண்டுபிடித்த அமுதவாணி.

இதைப் பொறாமை என்று சொன்னால் ரேணுகா சண்டைக்கு வருவாள். "மனக்கஷ்டம்" என்பாள். அதிகம் போனால் "ஆதங்கம்" என்பாள். நமக்கு என்ன பயம்? பொறாமைதான். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. காலையில் பல் துலக்கும்போது கூடவே எழுந்து, பகலெல்லாம் கூடவே நடந்து, சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்துகொள்கிற பொறாமை.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டியிருந்தது அந்த மூலிகை ஆய்வு நிலையம். சீன வைத்தியத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வேர்களையும் கொடிகளையும் இந்தக் குளிரில் வளர்த்து, வீக்கத்தையும் வலியையும் அடக்குகிற சத்து அவற்றில் எது என்று பிரித்தறிவதுதான் அங்கே வேலை. அவற்றில் முக்கியமானது ஹுவாங் சின் என்ற வேர். கீறினால் உள்ளே மஞ்சளாக இருப்பதால் நிலையத்தில் எல்லாருக்கும் அது மஞ்சவேரு. செடிகளைக் கொண்டுவந்து நட்டுக் கொடுத்த சீனப் பெண்மணி டாக்டர் ஃபாங், ஊருக்குக் கிளம்பும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். தோண்டிய வேரை முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும், அப்புறம்தான் நறுக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் மட்டும் போட்டுவிடக் கூடாது. போட்டால் வேர் பச்சையாகிவிடும். பச்சையானதை அவர்கள் ஊரில் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

ரேணுகாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கை கேட்க வேண்டாமா? திருவாரூர்ப் பக்கத்தில் வளர்ந்த கை அது. கொண்டைக்கடலையோ வெந்தயமோ, கெட்டியாக எது கிடைத்தாலும் தண்ணீரில் ஊறப்போட்டுவிடும். சென்ற வருஷம் பொங்கல் விடுமுறைக்குக் கிளம்புகிற அவசரத்தில், நறுக்க வராமல் கட்டை மாதிரி இருந்த வேர்களை ஓர் அண்டாவில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நிரப்பினாள். மேலே தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் ஒரு செங்கல்லையும் வைத்தாள். வீட்டில் குரங்குகள் மாவுப் பாத்திரத்தைத் திறந்துவிடும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆய்வுக்கூடத்தில் குரங்கு இல்லை, இருந்தாலும் வைத்தாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

விடுமுறை முடிந்து எல்லாரும் திரும்பியபோது, அண்டாவில் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சைத் தண்ணீர் நின்றது. இயக்குநர் போஜராஜ் அந்த மலையிலேயே பிறந்தவர், சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார்.

"ஒரு வருஷம் வளர்த்த வேரு! யாரு இதைத் தண்ணில போட்டது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேணுகாவும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். "நான் இல்ல சார்" என்று முதல் ஆளாகச் சொன்னவளும் அவள்தான்.

அமுதவாணி என்ற வாணி மட்டும், "கொட்டறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் எடுத்துக்கறனுங்க சார். எதுக்குப் பச்சையாச்சுன்னு பாக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு டம்ளரிலிருந்துதான் எல்லாம் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஊறும்போது வேர் தன் சத்தைத் தானே உடைத்துக்கொள்கிறது. உடைந்ததில் ஒரு துண்டு, இதுவரை எந்த மருந்தும் அடக்காத அளவுக்கு அழற்சியை அடக்குகிறது. வேகவைத்தால் அது பிறக்காது. அதனால்தான் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. பொள்ளாச்சிக்காரி அமுதவாணியின் படம் எல்லாச் செய்தியிலும் வந்தது. ரேணுகாவை விட வயதிலும் வேலைக்குச் சேர்ந்த வரிசையிலும் சின்னவள். "ஒரு தப்பிலிருந்து பிறந்த அதிசயம்" என்று எழுதினார்கள். தப்பு யாருடையது என்று யாரும் எழுதவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை. "நான் இல்ல சார்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள், இப்போது போய் "நான்தான் சார்" என்றால் யார் நம்புவார்கள்? தன் தப்பு இன்னொருத்திக்கு மாலையாக விழுவதைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நன்றாக ஓங்கியே தட்டினாள். அதில் குறை வைக்கவில்லை.

நிலையத்தில் வேலை செய்பவர்களும், அவர்கள் குடும்பங்களும், சுற்றியிருந்த சிற்றூர்க்காரர்களும் விருப்பப்பட்டு முதலில் சாப்பிட்டார்கள். குளிருக்கு முட்டி பிடித்தவர்கள் மாடி ஏறினார்கள். அடுத்த கட்டமாக மாநிலம் முழுக்க, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மாத்திரை போவதாக ஏற்பாடு.

கூடவே இன்னொன்றும் நடந்தது. அதை வாணிதான் ஒரு நாள் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள்.

"வீக்கம்னா என்னங்க்கா? உடம்பு அடிக்கற மணி. இங்க தப்பு நடக்குது, ஓடியாங்கன்னு அடிக்குது. சிலருக்கு அது நிக்காம அடிச்சிட்டே இருக்கும், அதுதான் மூட்டுவாதம். நம்ம மருந்து மணியை அமத்துது, அவ்வளவுதான். மூளைக்குள்ளயும் ஒரு சின்ன மணி இருக்குதாட்ட இருக்குது. அடுத்தவங்களுக்குக் கெடச்சது நமக்குக் கெடைக்கலியேன்னு அடிக்கற மணி. அதுவும் சேந்து அமந்துருச்சு. எனக்கு இப்ப யாரைப் பாத்தாலும் ஒண்ணுமே தோண்றதில்லீங்க்கா. மனசு கழுவி விட்டாப்ல இருக்குது."

"இதுக்கு முன்னாடி யாரைப் பாத்துத் தோணுச்சு?" என்றாள் ரேணுகா.

வாணி கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "அது எதுக்குங்க்கா இப்ப" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தவள் கொஞ்சம் ஆடினால்தானே தோற்றவள் திட்ட முடியும்?

நிலையத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் உண்டு. அதற்கு எதிர்க்கட்சிக் கூட்டம் என்றுதான் பெயர். யார் என்ன கண்டுபிடித்தாலும் அங்கே வந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைக் கிழிக்க வேண்டும். கிழிபடாமல் மிஞ்சியதுதான் வெளியே போகும். ஒரு காலத்தில் அந்த அறையிலிருந்து அழுதுகொண்டு போனவர்கள் உண்டு, கதவை அறைந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மாத்திரை வந்த பிறகு, ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் "அருமை" என்றார்கள். இன்னொருவர் அதற்கு நேர்மாறாகப் பேசினார், அதற்கும் "அருமை" என்றார்கள். பஜ்ஜி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. ரேணுகா மட்டும் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

சரி, நிலையத்தை விடுங்கள். வீட்டிலாவது நிம்மதி உண்டா? ரேணுகாவின் கணவர் தயாளன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். இரண்டு முட்டியும் வீங்கி, விசில் ஊதுவதோடு விளையாட்டு நின்றுபோய், வேலையை விட்டவர். வாணியின் மாத்திரை அவரை எழுப்பி நடக்க வைத்தது. ரேணுகா கடவுளுக்கு நன்றி சொன்னாள், வாணிக்குச் சொல்லவில்லை.

தயாளனுக்கும் முன்பு ஒரு மணி பலமாக அடிக்கும். ரேணுகாவிடம் கண்டக்டர் சில்லறையைச் சிரித்துக்கொண்டு கொடுத்தாலே வீடு வரும்வரை பேச மாட்டார். அந்தச் சந்தேகத்தால் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அது இப்போது போய்விட்டதா என்று பார்க்க, ஒரு நாள் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, காலேஜ்ல என்கூடப் படிச்ச ரகுராமன் போன் பண்ணாரு. கோயம்புத்தூருக்கு மாத்தலாகி வந்துட்டாராம்."

முன்பு இந்த ஒரு வாக்கியம் ஒரு வாரத்துக்குச் சண்டை போடப் போதும்.

"அப்படியா? நல்ல மனுஷன். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடேன் ரேணு" என்றார் தயாளன், சப்பாத்தியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு.

ரேணுகா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தாள். எதற்குச் சத்தம் என்று அவர் கேட்கவில்லை. இட்லி மாவை மூடித் தட்டின் மேல் செங்கல்லை வைக்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் தொலைய வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. தொலைந்த பிறகுதான், அவர் தன்னைக் கவனித்துக்கொண்டிருந்ததே அந்த ஒரு வழியில்தான் என்று தெரிந்தது.

போதாக்குறைக்கு, அவருக்குக் காலையில் வாணியோடு நடைப்பயிற்சி வேறு.

"நாலஞ்சு பேரு சேந்து போறோம். வாணி நல்லா பேசும். மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு வழி நெடுக சொல்லிக்கிட்டே வரும்."

"வழி நெடுகவா?"

"ஆமா, ஏரியைச் சுத்தி."

ஏரியைச் சுற்றிக் கறுப்பு மண். வாணியின் குவார்ட்டர்ஸ் வாசலிலோ மூலிகைப் பாத்தி போட லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண். ரேணுகா அன்று செய்த காரியத்தை எந்தப் பெண்ணும் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். தயாளன் குளிக்கப் போன சமயம் பார்த்து, வாசலில் கழற்றிப் போட்டிருந்த அவருடைய ஷூக்களைத் திருப்பிப் பார்த்தாள்.

செம்மண் இல்லை. பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். கீழே வைக்கப் போனவள் இடது ஷூவின் அடியில் ஆணி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். முள். அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே போயிருந்தது. உள்ளே கையை விட்டாள். அடித்தட்டு அட்டை மாதிரி விறைத்திருந்தது. கையை எடுத்தபோது விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது இரத்தம். நாற்றமும் வந்தது.

குளியலறைக் கதவைத் தட்டித் திறக்க வைத்தாள். தயாளன் துண்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் காலை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

"இதா? அன்னிக்கு ஒரு நாள் சுருக்குன்னுச்சு. அப்புறம் ஒண்ணும் இல்லையே."

பாதத்தில் ஒரு சின்னத் துளை. சுற்றிலும் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சூடு இல்லை. காய்ச்சல் வந்தால் சத்தம் போடும் என்று அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. ஆனால் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் நாவல்பழம் மாதிரி கறுத்திருந்தன.

கோயம்புத்தூரில் மருத்துவர் ஆச்சரியப்பட்டார். "உள்ள இவ்வளவு அழுகியிருக்கு, வெளிய ஒரு அடையாளமும் இல்லையே! வீங்கியிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

ரேணுகா என்னவென்று சொல்வாள்?

முதல் வேலையாக மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியிருந்தது. மயக்கம் தெளிந்த தயாளன் கட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல ரேணு, இன்னும் எட்டு இருக்குல்ல" என்றார்.

மலைக்குத் திரும்பியவள் நேராக எலிக் கூண்டுகளுக்குப் போனாள். மாத்திரை கொடுத்த எலிகள் சண்டை போடுவதில்லை என்று எல்லாரும் கொண்டாடிய கூண்டுகள். ரோமத்தை விலக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? வாணியின் வேலையில் ஓட்டை இருக்காதா என்று ஏங்குகிறவர்கள் யாராவது மிச்சம் இருந்தால்தானே? மாத்திரை சாப்பிட்ட எலிகளுக்கும் சாப்பிடாத எலிகளுக்கும் ஒரே அளவில் சின்னக் கீறல் போட்டுப் பார்த்தாள். சாப்பிடாதவற்றுக்குக் காயம் சிவந்து வீங்கி ஆறியது. சாப்பிட்டவற்றுக்கு வீங்கவே இல்லை. தோலுக்குக் கீழே அழுகிக்கொண்டிருந்தது. தேவைப்படும்போதும் மணி அடிக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த எலிகளைப் பார்த்தபோது ரேணுகாவுக்குப் பயத்தோடு கூட ஒரு சந்தோஷமும் வந்தது. மாட்டினாயா வாணி!

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் படங்களோடு எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் கைதட்டல்.

"ரொம்ப அருமையான கவனிப்பு" என்றார் போஜராஜ். "குறிப்புல சேத்துக்குவோம். அடுத்தது?"

"சூப்பருங்க்கா" என்றாள் வாணி, மலர்ந்த முகத்தோடு.

அடுத்து எழுந்தவர், மாதக் கடைசியில் மாத்திரைப் பெட்டிகள் எல்லா மாவட்டத்துக்கும் கிளம்புகின்றன என்றார். அதற்கும் அதே கைதட்டல்.

"சார், நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" ரேணுகா கத்தியேவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு விரல் போச்சு சார்!"

"கேள்விப்பட்டேன்மா. பாவம். பஜ்ஜி எடுத்துக்கோங்க."

அவர் கெட்டவர் இல்லை. அங்கே இருந்த யாருமே கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கும் பதறத்தான் தெரியவில்லை.

மருந்தை நிறுத்தச் சொல்லிக் கண்டுபிடித்தவரே எழுதிக் கொடுத்தால், மாத்திரையை ஊர்களுக்கு அனுப்புகிற சென்னை அலுவலகம் அன்றே நிறுத்திவிடும். அது விதி. ரேணுகா அன்று மாலையே கடிதத்தைத் தயார் செய்து வாணியின் முன் வைத்தாள். வாணி மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நிமிஷம் போஜராஜ் எட்டிப் பார்த்து, "அவசரம் ஒண்ணும் இல்லையே வாணி?" என்றார். "அவசரமில்லீங்க சார்" என்று அவளே அதை வாங்கி இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

ரேணுகா சென்னைக்குத் தானே போன் செய்தாள். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார். "உங்க நிலையத்துல விசாரிச்சோம் மேடம். அமுதவாணி மேடம் பேர்ல உங்களுக்கு ரொம்ப நாளா ஒரு இது இருக்காமே? தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் சொன்ன அந்த 'இது' இருந்தது. மறுக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு ரேணுகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏரிக்கரையில் வாணி நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தாள். ஊர் ஊராக, எத்தனை தயாளன்கள் காலில் முள்ளோடு நடக்கப் போகிறார்கள்? தான் சொன்னால் எடுபடாது. சொல்ல வேண்டியவளுக்கோ சுரணை இல்லை. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"வாணி, எனக்காக ஒரு காரியம் செய்யறியா? கொஞ்ச நாளைக்கு அந்த மாத்திரையைச் சாப்பிடாம இரு."

"சரிங்க்கா" என்றாள் வாணி. எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவளிடம் ஒரு வசதி உண்டு.

நாட்கள் போயின. மாதக் கடைசி நெருங்கியது. கோயம்புத்தூரில் தயாளனின் கால் ஒரு நாள் காலையில் சிவந்து வீங்கிச் சூடாகியிருந்தது. தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று வார்டே அதிர அவர் கத்தினார். நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, "உணர்ச்சி திரும்பிடுச்சு, இனிமே ஆறிடும்" என்று சிரித்தாள். ரேணுகா அவர் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் ஒலித்தது.

"யாரு அது?" என்றார் தயாளன், பல்லைக் கடித்துக்கொண்டே. "அந்த ரகுராமனா?"

ரேணுகா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதிலேயே அவளுக்கு இனித்த கேள்வி அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடி அதே எலிகளின் படங்களோடு எதிர்க்கட்சிக் கூட்டத்தில் நின்றாள். பேசி முடித்ததும் வழக்கமான கைதட்டல் எழுந்தது. நடுவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"என்னால ஒத்துக்க முடியாதுங்க்கா."

வாணி எழுந்து நின்றாள். முகம் கறுத்திருந்தது. உதட்டின் ஓரம் துடித்தது.

"எல்லாம் வயசான எலி. கூண்டைக் கழுவுனது எப்பன்னு சொல்லவே இல்ல. அழுக்குக் கூண்டுல போட்டா எந்த எலிக்கும்தான் அழுகும். ஒரு வருஷமா எங்க ஓட்டை, எங்க ஓட்டைன்னு தேடிட்டு இருந்தீங்க, இல்லீங்களா? ஆப்ட்டுருச்சுன்னு சந்தோஷமா? நானே செஞ்சு பாத்துக்கறேன். நீங்க சொன்னீங்கன்னு நம்ப நான் ஒண்ணும் கேனச்சி இல்ல."

அறையில் மற்றவர்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு இதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகாவுக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று, ஒரு மனுஷி தன்னை இப்படிக் கோபமாகப் பார்த்து!

வாணி சொன்னபடியே செய்தாள். இளம் எலிகள், கழுவிய கூண்டு, தன் கையாலேயே கீறல். ரேணுகாவை எதையும் தொட விடவில்லை. தன்னை ஜெயிக்க வந்தவளைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறியோடு அவள் தேடிய தேடலில், ரேணுகாவின் சோதனையில் அவளே பார்க்காத இரண்டு தவறுகளும் கிடைத்தன. ஆனால் முடிவு மாறவில்லை. பெட்டிகள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் எலிக்கூடத்தில் கடைசிக் கூண்டைத் திறந்து, ரோமத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, வாணி அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"வீங்கவே இல்லீங்க்கா" என்றாள். பிறகு அழுதாள். தயாளனோடு நடந்த காலைகளை நினைத்து அழுதாள். "எட்டு வெச்சு நடங்கண்ணான்னு நான்தான் சொல்லிட்டே போனேன். கால்ல முள்ளு இருந்திருக்குது."

ரேணுகாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாட்டினாயா என்று நினைத்தது இப்போது எங்கேயோ போயிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" வாணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்டாவைத் தட்டால மூடி, அதுமேல செங்கல் வைக்கற ஆளு இந்த நிலையத்துல யாருங்க்கா?"

ரேணுகா திறந்து கிடந்த கூண்டைச் சாத்தப் போனாள்.

"அன்னிக்கு மொதல்ல வந்தது நானுங்க்கா. செங்கல்லைப் பாத்ததுமே உங்க வீட்டு மாவுப் பாத்திரம் ஞாபகம் வந்துச்சு, நீங்கன்னு தெரிஞ்சு போச்சு. சார் உங்களைத் திட்டக் கூடாதேன்னு எடுத்து வெளிய வெச்சேன். சாமி சத்தியமா அதுக்குத்தான் எடுத்தேன். தண்ணி வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச பின்னாடி, அந்தக் கல்லைத் திருப்பி வைக்க எனக்கு மனசு வரல."

"ஏன் வாணி, நீ கேட்டிருக்கலாமே என்னை?"

"எப்படிக் கேப்பேன்? டாக்டர் ஃபாங் சொன்னபடி வருஷக்கணக்கா ஒழுங்கா வேக வெச்சவ நான். எனக்கு ஒண்ணும் வரல. நீங்க மறந்தாப்ல ஊறப்போட்டு பஸ் ஏறிப் போனீங்க, உங்களுக்கு வந்துச்சு. தப்புல கூடவா ஒருத்தருக்கு அதிர்ஷ்டம் இருக்கும்? டிவியில என் மூஞ்சியைப் பாக்கறப்பெல்லாம், இது அவங்க அண்டா, அவங்க அண்டான்னு உள்ளுக்குள்ள அரிக்கும். இன்னிக்குச் சொல்லுவீங்களா, நாளைக்குச் சொல்லுவீங்களான்னு உங்க வாயையே பாத்துட்டு இருப்பேன். எலிக்குக் கொடுத்துட்டு இருந்தப்ப, அதுக சண்டையை நிறுத்துனதைப் பாத்தேன். யாருக்கும் தெரியாம மொத மாத்திரையை நான் போட்டேன். எனக்கு முட்டி வலியே கெடையாதுங்க்கா."

ஒரு வருஷமாக ரேணுகா அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாள், அவளும் ரேணுகாவைப் பார்த்து எரிந்திருக்கிறாள். ஒரே அண்டாவுக்காக.

வாணி எழுந்து போய் மேசையிலிருந்து கடிதத்தைக் கொண்டுவந்தாள். மருந்தை உடனே நிறுத்தும்படி சென்னைக்கு எழுதியது. அவளே எழுதியிருந்தாள், இந்தத் தடவை அடித்தல் திருத்தலோடு, கோபத்தோடு. அடியில் 'கண்டுபிடித்தவர்கள்' என்று போட்டு, தன் கையெழுத்தையும் போட்டு, இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தாள்.

"ஊற வெச்சது நீங்க. உண்மையைச் சொன்னா சேத்துச் சொல்லோணும்" என்றாள். அதில் கொஞ்சம் பெருந்தன்மை இருந்தது. சுமையைத் தனியாகத் தூக்க மாட்டேன் என்கிற குத்தலும் இருந்தது.

ரேணுகா அந்த வார்த்தையைப் பார்த்தாள். கண்டுபிடித்தவர்கள். ஒரு வருஷமாக அவள் ஏங்கிய இடம். இப்போது கையெழுத்துப் போட்டால் நாளைக்குச் செய்தியில் பெயர் வரும். காலில் முள்ளோடு நடந்த எத்தனையோ பேர் அந்தப் பெயரைப் படிப்பார்கள். தயாளனும் எட்டு விரலோடு படிப்பார். போடாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. "நான் இல்ல சார்" என்று ஏற்கனவே ஒரு தடவை சொல்லியாயிற்று, இன்னொரு தடவை சொல்வது சுலபம்.

வாணி பேனாவை நீட்டியபடியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரேணுகா பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு, யார் பெயர் மேலே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.